பிடிமண் போன திசை

ஜனவரி 7, ஞாயிறு

நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஆறு நாளாகக் காலியாகக் கிடந்தது. இன்று எழுத விஷயம் கிடைத்துவிட்டது, கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மகள் சுகந்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வயது. மருந்தாளுநர் வேலை. வந்த வரனையெல்லாம் நான்கு வருடமாகத் தட்டிக்கழித்தவள், "அப்பா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. நம்ம ஆளுகதான்" என்றாள். எனக்குப் பாதி நிம்மதி. யாரென்று கேட்டேன்.

"பேரு தினகரன். தவசி மாமா மகன்."

மாமாவாம். எந்தத் தவசி என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பத்திர ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த மேசை. முப்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தேன். அதில் இருபத்தோரு வருடம் அவனோடு பேசவில்லை. 2003-இல் ஒரு வீட்டுக் கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது, வாசல் இருக்கும் பக்கத்தைக் கிழக்கு என்று வைத்து எழுதிவிட்டேன். அது மேற்கு பார்த்த வீடு. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். தவசி அதைச் சார்பதிவாளர் முன்னால் எடுத்துப் படித்து, "சோலைமலைக்குச் சூரியன் வாசல் வழியாத்தான் வரும் போல" என்றான். ஆபீஸே சிரித்தது. அன்றைக்கு நான் என் மேசையைத் தள்ளிப் போட்டவன்தான்.

முடியாது என்றேன்.

"காரணம் சொல்லுங்கப்பா. 2003 இல்லாம வேற ஒரு காரணம்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அவன் நமக்குப் பங்காளி."

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அங்கே பெண் எடுப்பதும் கிடையாது, கொடுப்பதும் கிடையாது. இதை மீறி எங்கள் பக்கத்தில் எவனும் கல்யாணம் பண்ணி ஊருக்குள் நிமிர்ந்து நடந்ததில்லை.

"நம்ம சாமி வடகரைப் பெரியகருப்பு. அவங்க சாமி இடையங்குளம் சோணை. எப்படிப்பா பங்காளி?"

"நம்ம கருப்பு கோயிலுக்குள்ளயே ஒரு சோணை இருக்கார்ல? அங்கருந்து பிடிமண் ஆத்துக்குத் தெக்க போயிருக்கு. எங்கப்பா சொல்லியிருக்கார்."

அது பொய்யில்லை. அப்பா சொன்னதுதான். ஊர் மாறிப் போகிறவர்கள் தாய்க்கோயிலில் ஒரு கைப்பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு போய், போன இடத்தில் வைத்து அதையே சாமியாகக் கும்பிடுவார்கள். எங்கள் சோணையின் மண் தெற்கே யாரிடம் போனது என்று அப்பா சொன்னதாக ஞாபகமில்லை. தவசியிடம் போயிருக்கக் கூடாதா என்ன?

சுகந்தி வக்கீல் மாதிரி பேசினாள். "மாசிச் சிவராத்திரி வரைக்கும் டைம். நிரூபிச்சிட்டீங்கன்னா நான் அவரை விட்டுர்றேன். முடியலைன்னா நீங்களே முன்னாடி நின்னு வெத்தல பாக்கு மாத்தணும். பொய்யா எதையாவது கொண்டாந்தீங்க, அப்புறம் இந்த வீட்டுப் படியேற மாட்டேன்."

ஒப்புக்கொண்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி சிவனம்மாள், "வேணாங்க. அதையெல்லாம் போயித் தோண்டாதீக" என்றாள். அவள் எப்போதும் மகள் கட்சி.

ஜனவரி 9, செவ்வாய்

போன வருடத்துக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எங்கள் கொடிவழியை வரைந்தேன். நான், அப்பா, தாத்தா. அதற்கு மேலே பேனா நகரவில்லை. ஊரிலுள்ளவன் சொத்துக்கெல்லாம் மூன்று தலைமுறை மூலபத்திரம் கேட்டு வாங்கியவனுக்குத் தாத்தாவின் அப்பா பெயர் தெரியவில்லை.

மிக்ஸி பழுது. கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். வழக்கம்போல மனைவியின் ஊரான நொச்சிப்பட்டிக்குப் போய் வந்தோம். அவர்கள் சாமியும் சோணைதான். ஆற்றுக்குத் தெற்கே எந்த ஊரில்தான் சோணை இல்லை? ஊரணிக் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். காலை வெயில் ஊரணித் தண்ணீரில் பட்டு நேராகக் கோயிலுக்குள் அடித்தது. கண் கூசிப்போய்ப் பொங்கல் பானையில் இடித்துக்கொண்டேன். மைத்துனன்மார் சிரித்தார்கள். முப்பத்தோரு வருட மாப்பிள்ளைக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு. சாமிக்குக் கற்பூரம் காட்டுவதற்கு முன்னால், அத்தனை பேரும் சாமியை விட்டுவிட்டு வடக்கே ஆற்றைப் பார்த்துத் திரும்பி ஒரு கற்பூரம் கொளுத்துவார்கள். ஏனென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முன்னோர் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம் என்பார்கள். "சாமிக்கே முதுகைக் காட்டுற ஒரே ஊரு உங்க ஊருதான்" என்று இந்த வருடமும் சொன்னேன். சிவனம்மாள் வழக்கமாக முறைப்பாள். இன்று முறைக்கவில்லை.

ஜனவரி 24, புதன்

தாலுகா ஆபீஸில் பழைய இறப்புப் பதிவேடு பார்க்க மூன்றாவது நாளாக நடை. அங்கிருக்கும் பெண் என்னை ஏதோ காணாமல் போன கிழவனைப் போல நடத்துகிறாள். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டாள். மகள் கல்யாணத்தை நிறுத்த என்று சொல்லவா முடியும்? குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தாள்.

தாத்தாவின் பதிவு கிடைத்தது. தகப்பனார் பெயர்: மொக்கைச்சாமி. தொழில்: நீர்பாய்ச்சி. என் தாத்தா மணியக்காரராக இருந்து குதிரையில் போனவர் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் மூன்று கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், என்னுடையது உட்பட. மனுஷன் மடையைத் திறந்து அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கொடிவழியில் பெயரை மட்டும் எழுதினேன். தொழிலை எழுதவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

வடகரைக்குப் போய்க் கோடாங்கி பெருமாயனைப் பார்த்தேன். எங்கள் கருப்பு கோயிலில் சாமியாடிக் குறி சொல்லும் குடும்பம். ஏழு தலைமுறைப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லுவார். ஆனால் சும்மா சொல்ல மாட்டார். நாள் பார்த்து, வெற்றிலை வைத்து, அவருடைய முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டு முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மொக்கைச்சாமிக்கு ஒரு தம்பிப்பா. விருமாண்டி. அண்ணந்தம்பிக்குள்ள ஒத்து வரல. நம்ம சோணை பிடிமண்ண எடுத்துக்கிட்டு அவன் தெக்க போயிட்டான். போனவன் போனவன்தான். சிவராத்திரிக்குச் சாமிப் பெட்டி தூக்கக்கூட வரல."

விருமாண்டி! தவசியின் பாட்டனுக்கு அப்பன் பெயர் விருமாண்டி. எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் என் மேசைக்குத்தான் முதலில் வந்தது. அதற்கப்புறம்தானே மேசையைத் தள்ளிப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சத்தமாகச் சொன்னேன். "மண்ணெடுத்துட்டுப் போனவன் பேரு விருமாண்டி!" சிவனம்மாள் கையிலிருந்த செம்பு விழுந்து கூடமெல்லாம் தண்ணீர். கை வழுக்கிவிட்டதாம். துடைத்துவிட்டு நெடுநேரம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

கிடைத்துவிட்டது. 1911-ஆம் வருடத்துத் தானப் பத்திரத்தின் நகல். ஆள் பெயர் தெரிந்த பிறகு தேடல் மனுப் போட்டு எடுக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுதும் இங்கே எழுதி வைக்கிறேன், கை சந்தோஷப்படுகிறது:

"வடகரையிலிருக்கும் மொக்கைச்சாமி ஆகிய நான், என் உடன்பிறந்த தம்பி விருமாண்டிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் என்னவென்றால், நீ நம் குலதெய்வக் கோயில் சோணைச்சாமி பிடிமண் கொண்டுபோய் வைத்துக் கும்பிடுகிறபடியால், சிறுமாத்தூர் கிராமத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட ஏழு சென்ட் பூமியை உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதற்கு நான்கெல்லை: கிழக்கே ஊரணி, தெற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால், மேற்கே பெருமாள் கோயில் மானியம்."

சிறுமாத்தூர் கிராமத்துக்குள் பல உட்கடை ஊர்கள். தவசியின் இடையங்குளமும் அதற்குள்தான். பழைய சர்வே எண்ணைப் புதிய எண்ணோடு ஒத்துப் பார்க்கத் தொடர்புப் பதிவேடு கேட்டேன். பத்து நாள் ஆகுமென்றார்கள். எதற்கு? எல்லை இருக்கிறதே.

மத்தியானமே இடையங்குளத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன். உச்சி வெயில், தலை வெடித்தது. சாமிக்கு நேர் எதிரே ஊரணி. பத்திரத்தில் கிழக்கே ஊரணி. சரி. ஒரு பக்கம் வண்டிப்பாதை, இன்னொரு பக்கம் தூர்ந்துபோன வாய்க்கால், முதுகுப் பக்கம் மானிய நிலம். நான்கும் அப்படியே இருந்தன. எவனாவது தவசி வீட்டான் பார்ப்பதற்குள் கிளம்பி வந்துவிட்டேன்.

வரும் வழியில் இளநீர் குடித்தேன். இரண்டு.

பிப்ரவரி 18, ஞாயிறு

பங்காளிகள் கூட்டம், வடகரையில். நாற்பது தலைக்கட்டுக் குடும்பத்தில் முப்பத்திரண்டு வந்தது. பெயரைச் சொல்லாமல் பொதுவாகத்தான் பேசினேன். பிடிமண் வாங்கிப் போனவர்கள் பங்காளியா இல்லையா? ரத்தம்தானே மண்ணை எடுத்துக்கொண்டு போனது? கோடாங்கி தலையாட்டினார். தீர்மானத்தை நானே எழுதினேன். ஓட்டை இல்லாமல் எழுதுவதில் என்னை அடிக்க ஆளில்லை.

"நம் கோயில் பிடிமண் போன இடத்தாரும் நமக்குப் பங்காளிகளே. அவர்களோடு சம்பந்தம் செய்யக்கூடாது. அறியாமல் செய்திருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், அதைக் கோயில் ஏற்காது. அந்த வீட்டாருக்குக் கோயிலில் நிற்க இடமும் பெட்டி தூக்கும் உரிமையும் கிடையாது."

"அறியாமல் செய்திருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும்" என்பது நான் யோசித்துச் சேர்த்தது. நாளைக்கு இவர்கள் திருட்டுத்தனமாகக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது என்று வந்து நிற்கக் கூடாதல்லவா? முப்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. தாளைச் சாமிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் காலை, பத்திரத்தோடு வந்து ஆள் யாரென்று நான் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் பெட்டி தூக்கும் முறையும் எங்கள் வீட்டுக்குத்தான். இருபது வருடத்துக்கு ஒருமுறை வருவது.

பிப்ரவரி 20, செவ்வாய்

சுகந்தியிடம் நகலைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். சொன்ன சொல்லை மீற மாட்டேன் என்றாள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இந்த வீட்டில் இப்போது மூன்று பேரும் மூன்று வேளை சாப்பிடுகிறோம். ஒன்றாக இல்லை. சிவனம்மாள் தட்டை வைக்கிற சத்தத்திலேயே ஏச்சு இருக்கிறது. நான் ஜெயித்தவன், எனக்கென்ன. ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் ஒன்றரையாக்கினார்.

மார்ச் 6, புதன்

ரேஷன் கடை வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து, "சோலை, ஒரு நிமிசம் இங்கிட்டு வாய்யா" என்று குரல். இருபத்தோரு வருடம் கேட்காத குரல், ஆனாலும் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. தவசி. தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வரிசையை விட்டு வர மாட்டேன் என்றேன். அவன் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான். "எங்க சோணை மேக்க பாத்த சாமிய்யா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே தொடர்ந்தான். "எம் மகன் சொல்லி உன் பத்திரத்துக்கு நானும் ஒரு நகல் எடுத்துப் பாத்தேன். எங்க கோயில்ல ஊரணி மேக்க இருக்கு. உன் பத்திரத்துல கிழக்க இருக்கு. நீ சாமி மூஞ்சியப் பாத்து அதுதான் கிழக்குன்னு வச்சுட்ட. அன்னைக்கு வாசல், இன்னைக்குச் சாமி."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். தொடர்புப் பதிவேட்டு நகல். பத்து நாள் ஆகுமென்று நான் விட்டுவிட்டு வந்த அதே பதிவேடு. அவன் பத்து நாள் காத்திருந்து வாங்கியிருக்கிறான். 1911 பத்திரத்தின் பழைய சர்வே எண், அதற்கு நேரே புதிய எண், அதற்கு நேரே உட்கடை ஊரின் பெயர்.

நொச்சிப்பட்டி.

கிழக்கே ஊரணி. அந்த ஊரணிக் கரையில்தான் முப்பத்தோரு வருடமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறேன். காலை வெயில் அதிலிருந்துதான் கண்ணில் அடிக்கும்.

"விருமாண்டின்னு எங்க பாட்டனுக்கு அப்பனும் இருந்தாரு. உன் மாமனார் வீட்டுலயும் இருந்தாரு. கேட்டிருந்தா உன் சம்சாரமே சொல்லியிருக்கும்" என்றான் தவசி. அவன் சிரிக்கவில்லை. இருபத்தோரு வருடமாக அவன் சிரிப்புக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"யார்ட்டயெல்லாம் காட்டின?"

"யார்ட்டயும் காட்டல. எம் மகனுக்குக்கூடத் தெரியாது. எனக்கு உன்னப் பிடிக்காதுய்யா, அது வேற. அவுக ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். நாளன்னைக்குக் கழிச்சு நீ என்ன சொல்லப் போறியோ அதை யோசிச்சுச் சொல்லு."

தாளை என் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அரிசி வாங்காமல் வந்தேன்.

சிவனம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் போட்டேன். அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"சுகந்தி வயித்துல ஏழு மாசம். எங்கப்பா வந்தாக. எங்கூர்ப் பூசாரி சாகும்போது சொல்லிட்டுச் செத்தாராம், வடக்க பாத்துச் சூடம் காட்டுறது எதுக்குன்னு. வடகரைக் கருப்புக்குத்தான். தாய்க்கோயிலாம். எங்கப்பா அந்தத் தூணப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. யார்ட்டயும் சொல்லாத ஆத்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

"இருபத்தெட்டு வருசம் என்னை முட்டாளாக்கியிருக்க."

"ஆமா."

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் மடித்த துணியைப் பீரோவில் அடுக்கினாள். பிறகு திரும்பி நின்று, "அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீக? என்னை விட்டுருப்பீகல்ல?" என்று கேட்டாள்.

கத்த வேண்டும் போல இருந்தது, எதைச் சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. என் தீர்மானத்தின்படி இவள் எனக்குத் தங்கை. சுகந்தி பிறந்திருக்கவே கூடாத பிள்ளை. அறியாமல் செய்திருந்தாலும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும். ஓட்டையே இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 9, சனி

இதை இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் வரும்.

காலை எட்டு மணிக்கு வடகரைக் கோயில் முன்னால் பங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். பெட்டியைத் திறந்து கோடாங்கி தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். யாரோ படித்தார்கள். என் வாசகம்தான். ஒவ்வொரு வரியும் முதுகில் விழுந்தது. பெண்கள் பக்கம் சிவனம்மாளும் சுகந்தியும் நின்றார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சொல்லுப்பா சோலைமலை. மண்ணு யார் வீட்டுக்குப் போச்சு?"

"தவசி வீட்டுக்குப் போகல" என்றேன். "நாலெல்லையை நான் தப்பாப் பாத்துட்டேன். மேக்க கிழக்கன்னு வச்சுட்டேன்."

இருபத்தோரு வருடமாக வாயில் வராத வாக்கியம். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது பரவாயில்லை.

கோடாங்கி சிரிக்கவில்லை. "அப்ப எந்தச் சோணைக்குப் போச்சு?"

"தெரியல. பழைய சர்வே நம்பர். ஒத்து வரல."

"ரெண்டு மாசமா அலைஞ்ச ஆளு, இப்பத் தெரியலங்கிற. நேத்து வரைக்கும் பத்திரம் இருக்குன்ன. தவசி வந்து உன்னைய ரேசன் கடையில பாத்தானாமுல்ல? அவன் ஏதும் கொடுத்து வாயடைச்சிட்டானா?"

கூட்டத்தில் சலசலப்பு. பெருமாயன் ஒரு வெற்றிலையில் கற்பூரக் கட்டியை வைத்துக் கருப்பு முன்னால் கொளுத்தினார். "சூடத்தை அணைச்சுச் சொல்லு. தெரியாதுன்னு."

கருப்பு முன்னால் சூடம் அணைத்துப் பொய் சொன்னவன் வருடம் திரும்புவதற்குள் போய்விடுவான் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. பத்திர ஆபீஸில் எத்தனையோ பேருக்குப் பொய்சாட்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கருப்பு பெயரை மட்டும் இழுத்ததில்லை.

அப்போதுதான் பெண்கள் பக்கம் பார்த்தேன். சிவனம்மாள் தலையை இல்லை, வேண்டாம் என்று ஆட்டினாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்கிறாளா, சத்தியம் பண்ண வேண்டாம் என்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதான். சுகந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லி உள்ளங்கையைத் தீயின் மேல் வைத்தேன். சட்டென்று அடித்தால் சுடாது, எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் மெதுவாக வைத்து, அணையும்வரை அழுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தீர்மானத்தை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது அங்கேயே இருக்கும், என் கையெழுத்தோடு. கை கொப்பளித்துவிட்டதால் பெட்டியை என்னால் தூக்க முடியவில்லை. அடுத்த வீட்டார் தூக்கினார்கள்.

வரும்போது பேருந்தில் சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்கு மருந்து போட்டுவிட்டாள். "நீங்க நினைச்சிருந்தா அவுங்க மேலயே பழியப் போட்டிருக்கலாம். போடல. சூடத்தை அணைச்சு உண்மையச் சொன்னீங்க. தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

தவசி சிரித்ததைவிட இது மோசமாக இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

கொடிவழி வரைந்த காலண்டர் அட்டையை வெந்நீர் அடுப்பில் போட்டேன். சர்வே எண் தாளையும் போட்டேன். இந்த டைரியில் ஆறாம் தேதிப் பக்கத்தையும் ஒன்பதாம் தேதிப் பக்கத்தையும் கிழிக்க வேண்டும். இடது கையால் கிழிக்க வரவில்லை.

மார்ச் 20, புதன்

தவசி வீட்டிலிருந்து நாள் குறித்து அனுப்பியிருந்தார்கள். லக்னப் பத்திரிகையை அவனே தன் கையால் எழுதியிருக்கிறான். பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை படித்தேன். இல்லை. எரிச்சலாக இருந்தது.

சிவனம்மாளும் நானும் தேவைக்கு மட்டும் பேசுகிறோம். உப்பு, கதவு, பால்காரர். அவள் கேட்ட கேள்வி வீட்டில் கிடக்கிறது. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

மார்ச் 27, புதன்

இன்று நிச்சயம். காலையிலேயே வெற்றிலைத் தட்டுகளெல்லாம் தயார். சுகந்தி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தவசி வீட்டுக்குப் போக வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது, நான் மட்டும் உள்ளே புதுச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வலது கையின் தோல் உரிந்திருக்கிறது, பித்தான் பிடிபடவில்லை. மேல் பித்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிவிட்டேன்.

சிவனம்மாள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எல்லாப் பித்தானையும் கழற்றி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் எனக்குச் சட்டை மாட்டிவிட்டதில்லை. அவள் வகிட்டில் நரை இருப்பதை அப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்றாவது பித்தானில் சொன்னேன். "விட்டுருப்பேன்."

அவள் கை நிற்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, உன்னையும் அந்தப் பிள்ளையையும் உங்கப்பன் வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு வந்திருப்பேன். திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள். "அதான் சொல்லல."

கடைசிப் பித்தானைப் போட்டுக் காலரை இழுத்துவிட்டாள். பிறகு வெற்றிலைத் தட்டை எடுத்து என் இடது கையில் கொடுத்து, வலது கையைத் துண்டால் மூடிவிட்டு, "வாங்க, தவசியண்ணன் வீட்டுல காத்திருப்பாக" என்று முன்னால் நடந்தாள்.